அம்மம்மாவின் முகத்து மணல்

கொழும்பு வெள்ளவத்தையில், இறந்தவர் நினைவாக வழங்கும் அந்தியேட்டி மலரை அடித்துத் தரும் கடைகளுக்குக் குறைவில்லை. காலி வீதியில் ஒன்றைத் தேடிப் போனால் மூன்று அகப்படும். அம்மம்மாவின் மலருக்காகச் சித்தியும் நானும் அப்படி ஒரு கடையில் உட்கார்ந்திருந்தோம். கணினிக்கு முன்னால் இருந்த தம்பி திரையைத் திருப்பி முதற்பக்கப் படத்தைக் காட்டினார். 1974இல் எடுத்த ஒரு குடும்பப் படத்திலிருந்து வெட்டி எடுத்த முகம். "புள்ளி புள்ளியா இருந்தது அன்ரி, எல்லாம் கிளீன் பண்ணிட்டன்" என்றார். பொய் சொல்லக்கூடாது, ஒரு புள்ளிகூட மிஞ்சவில்லை. கன்னம் மெழுகில் செய்ததுபோல வழவழவென்று இருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த மடிப்பையும் காணோம். சித்தி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வடிவாத்தான் இருக்கு. ஆனா இது அம்மா இல்லை."

பழைய ஸ்கேனைத் திரும்பப் போடச் சொன்னோம். மணல் தூவியதுபோன்ற புள்ளிகளோடு முகம் வந்தது. சித்தி தலையாட்டினார்.

அந்த மணலைத்தான் படம் எடுப்பவர்கள் கிரெயின் என்கிறார்கள். கறுப்பு-வெள்ளைப் படத்தில் அது இருந்தால் ஒரு 'பீல்' வருகிறது என்று கைப்பேசிச் செயலியில் அதைச் செயற்கையாகத் தூவிக்கொள்கிறவர்களும் உண்டு. அம்மம்மாவின் முகத்தில் அது ஒருநாளும் இருந்ததில்லை, பிலிமில்தான் இருந்தது. பிறகு ஏன் அதை எடுத்ததும் ஆளும் சேர்ந்து போனார்? இதற்குப் பதில் சொல்ல பிலிமைக் கொஞ்சம் கிட்டப் பார்க்க வேண்டும்.

பிலிம் என்பது பிளாஸ்டிக் நாடாவின்மேல் மெல்லிசாகப் பூசிய ஜெலட்டின். மாட்டெலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கும் பசைதான் அது. அதற்குள் வெள்ளி உப்பு சிறு படிகங்களாகச் சிதறிக் கிடக்கும். ஒரு படிகம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 1 மைக்ரோன். சிலது அதைவிடச் சின்னது, சிலது இரண்டு மடங்கு. வெளிச்சம் படும்போது படிகத்தின் ஒரு மூலையில் வெள்ளி அணுக்கள் சில ஒன்றுசேரும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு, கழுவும் மருந்து முழுப் படிகத்தையும் கறுத்த வெள்ளியாக மாற்றிவிடும். தடயம் இல்லாத படிகங்களை ஹைப்போ என்ற இன்னொரு மருந்து கரைத்துக்கொண்டு போய்விடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. படிகத்துக்குச் சாம்பல் நிறம் தெரியாது. மாறினால் முழுக்கக் கறுப்பு, மாறாவிட்டால் ஒன்றுமில்லை. கன்னத்தில் நாம் பார்க்கும் மென்சாம்பல், அந்த இடத்தில் எத்தனை படிகம் மாறியது என்ற கணக்கு மட்டுமே. கணக்கென்றால் ஏற்ற இறக்கம் இருக்கத்தானே செய்யும்? இங்கே நாலு கூட, அங்கே நாலு குறைய. அதோடு பூச்சின் ஆழத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் துகள்கள் மேலிருந்து பார்க்கையில் கும்பலாகத் தெரியும். நாம் கிரெயின் என்று சொல்வது இந்தக் கும்பலைத்தான், தனிப் படிகத்தை அல்ல. இன்னொரு வேடிக்கை: நெகட்டிவில் வெள்ளித் துகள் வெளிச்சத்தை மறிப்பதால், தாளில் அந்த இடம் வெளிறிப்போகும். ஆகவே பிரிண்டில் கறுப்பாகத் தெரியும் புள்ளி வெள்ளி இருந்த இடமே இல்லை, கும்பல்களுக்கு நடுவில் விடுபட்ட இடுக்கு.

அடுத்தது, பெரிய படிகம் கூடுதலாக வெளிச்சத்தைப் பிடிக்கும், மழைக்கு வைத்த அகன்ற பாத்திரம்போல. அதனால் இருட்டிலும் வேலை செய்யும் வேகமான பிலிமுக்குப் பெரிய படிகம் தேவை. பெரிய படிகம் என்றால் பெரிய மணல். இருட்டும் கிரெயினும் ஒன்றாகவே வருவது இதனால்தான். இதை மனதில் வைத்திருங்கள், மனநிலைபற்றிப் பேசும்போது திரும்ப வருவேன்.

படிகத்தின் அளவு மட்டும் போதாது என்பதற்கு ஒரு கடுகுக் கதை இருக்கிறது. ஒரே மாதிரிச் செய்த பிலிமில் ஒரு தொகுதி வேகமாகவும் இன்னொன்று மந்தமாகவும் வருவது முன்பெல்லாம் பெரிய தலையிடி. 1920களில் கொடாக் ஆய்வுகூடத்தில் சாமுவேல் ஷெப்பர்ட் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஜெலட்டினில் மிகச் சிறிய அளவில் கந்தகச் சேர்மம் ஒன்று இருந்தது, கடுகுக்குக் காரம் தரும் அதே பொருள். மாடு மேய்ந்த கடுகுச் செடி எலும்பு வழியாக பிலிமுக்கு வந்து, வெள்ளிப் படிகத்தை வெளிச்சத்துக்குக் கூச்சப்பட வைத்திருக்கிறது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று நம்மவர்கள் சொன்னதை அவர் ஆய்வுகூடத்தில் நிறுவியிருக்கிறார், அவ்வளவுதான்.

சரி, அம்மம்மாவின் படத்துக்கு வருவோம். நெகட்டிவ் ஒரு பிஸ்கட் பேணிக்குள் கிடைத்தது. ஓரத்தில் கொடாக் 5063 என்று அச்சிட்டிருந்தது. ட்ரை-எக்ஸ் பிலிமின் இலக்கம் அது. 35 மில்லிமீற்றரில் 1954இல் வந்த பிலிம்; பிலிமின் வேகத்தை அளக்கும் ஏஎஸ்ஏ அலகில் 400. 1974இல் கொழும்பில் பாணுக்கே வரிசை. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த றோலைப் பெரியப்பா பொத்திப் பொத்திப் பயன்படுத்தியிருக்கிறார். முதல் படத்தில் தைப்பொங்கல், கடைசிப் படத்தில் தீபாவளி. பத்து மாதம் கொழும்புச் சூட்டில் கமராவுக்குள்ளேயே கிடந்த பிலிம், வெளிச்சம் படாமலே தானாகக் கொஞ்சம் கறுத்து, புகை படிந்ததுபோல ஆகியிருக்கும். புகை ஏறினால் மணலும் ஏறும்.

கொட்டாஞ்சேனை வீட்டு விறாந்தையில், பின்னேரத்தில், பதினெட்டுப் பேர் நிற்கிறார்கள். 36 மில்லிமீற்றர் அகலமான சட்டத்தில் அம்மம்மாவின் தலை ஒன்றரை மில்லிமீற்றர். உண்மையிலேயே கடுகளவு. அதை வீட்டு மண்டபத்தில் மாட்ட 18 சென்ரிமீற்றருக்குப் பெருப்பித்தோம், அதாவது 120 மடங்கு. வழக்கமாக 35 மில்லிமீற்றர் நெகட்டிவை எட்டுக்குப் பத்து அங்குலத்தில் போட்டால் எட்டு மடங்குதான். எட்டு மடங்கில் 1 மைக்ரோன் துகள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. 120 மடங்கில் அதுவே 0.12 மில்லிமீற்றர். கையில் வைத்துப் பார்க்கும் தூரத்தில் நல்ல கண்ணுக்கு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குவரை தெரியும் என்பார்கள். தனித் துகளே கண்ணுக்கு எட்டுமளவு வந்துவிட்டதென்றால், கும்பலைப்பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

இப்போது அந்த மடிப்பு. நெகட்டிவில் அம்மம்மா உண்மையான அளவில் சுமார் 150இல் ஒரு பங்கு. கண்ணுக்குக் கீழே மடிப்பின் நிழல் 2 மில்லிமீற்றர் என்று வையுங்கள். பிலிமில் அது 13 மைக்ரோன். கிரெயின் கும்பலும் ஏறத்தாழ அதே அளவு. மடிப்பும் மணலும் ஒரே பருமன். எது அம்மம்மா, எது பிலிம் என்று மென்பொருளுக்குப் பிரித்தறிய வழியே இல்லை. புள்ளி என்று நினைத்து மடிப்பையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. கடைத் தம்பியில் பிழை இல்லை. அம்மம்மாவின் முகம் அந்த நெகட்டிவில் மணலால்தான் கட்டியிருக்கிறது, மணலை எடுத்தால் கட்டடம் நிற்காது. அறுபது வருடம் பார்த்த சித்திக்கு, இருக்கிற நாலு புள்ளியைக் கொண்டு மீதியை நிரப்பத் தெரியும். மெழுகுக் கன்னத்தில் நிரப்ப இடமே விடவில்லை.

கிரெயினை அளக்கவும் செய்கிறார்கள். ஒரே சீராக வெளிச்சம் பட்ட பிலிமை 48 மைக்ரோன் அகலத் துளையால் வருடி, கறுப்பு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று கணக்கெடுப்பார்கள். கொடாக் தந்த எண்ணின்படி ட்ரை-எக்ஸ் 17, 1986இல் வந்த டி-மேக்ஸ் வரிசையின் 100 ஏஎஸ்ஏ பிலிம் 8. டி-மேக்ஸில் படிகத்தை ஓடுபோலத் தட்டையாக வளர்த்ததால் குறைந்த வெள்ளியில் கூடுதல் வெளிச்சம் பிடிபட்டது. காகிதத்தில் பார்த்தால் டி-மேக்ஸ்தான் வெற்றி. ஆனாலும் நிறையப் பேர் ட்ரை-எக்ஸை விடவில்லை, நானும்தான். எண் சொல்லும் கிரெயின் வேறு, கண்ணில் படும் கிரெயின் வேறு. கழுவும் மருந்துகூட ஆட்டத்தை மாற்றும். 1927இலிருந்து புழக்கத்தில் இருக்கும் டி-76இல் லீற்றருக்கு 100 கிராம் சோடியம் சல்பைற்று. அது துகளின் ஓரத்தை மெல்லக் கரைத்து மணலை மாவாக்கும். 1891இல் வந்த ரொடினாலில் அந்தச் சலுகை இல்லை, மணல் மணலாகவே நறுக்கென்று நிற்கும்.

கொழும்பில் படம் கழுவினவர்களுக்கு இதைவிடப் பெரிய பிரச்சினை தண்ணீர். மருந்துப் பெட்டியில் எழுதியிருப்பது எல்லாம் 20 பாகை செல்சியஸுக்கு. இங்கே குழாய்த் தண்ணீரே 28, 29. ஒரு பாகை ஏறினால் நேரத்தில் பத்து வீதம் குறையுங்கள் என்பது பழைய கைக்கணக்கு. 13 நிமிடம் கழுவ வேண்டியது 29 பாகையில் 5 நிமிடமாகிவிடும். ஏழரை நிமிடக் கழுவல் 3 நிமிடத்துக்குள் வந்து நிற்கும், பிலிமில் மருந்து ஒருசீராகப் பரவுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வெப்ப நாடுகளுக்கென்று கொடாக் தனி மருந்தே வைத்திருந்தது. ஜெலட்டின் ஊதாமல் இருக்க அதில் சோடியம் சல்பேற்று சேர்ப்பார்கள்.

எனக்கு இதெல்லாம் தெரியாத வயதில், வெள்ளவத்தை வீட்டுக் குளியலறையில் முதல் றோலைக் கழுவினேன். மருந்துக்கு மட்டும் ஐஸ் போட்டுக் குளிர்த்தி, அலசுவதற்கு நேரே குழாயைத் திறந்தேன். மொட்டைமாடித் தாங்கியில் பகல் முழுக்கக் காய்ந்த தண்ணீர், கை சுட்டது. ஜெலட்டின் திடீரென்று ஊதிச் சுருங்கி, வறண்ட குளத்துச் சேறுபோலப் பாளம் பாளமாக வெடித்தது. காலிமுகத்திடலில் பட்டம் விட்ட பிள்ளைகள் வலைக்குள் அகப்பட்டதுபோல நின்றார்கள். ஆகா, என்ன கிரெயின் என்று ஒரு நண்பன் பாராட்டினான். நானும் ஏற்றுக்கொண்டேன். ஐஸ் தட்டு முழுவதையும் காலி செய்ததற்கு அம்மாவிடம் வாங்கியது தனிக் கணக்கு.

கிரெயினை ரசிக்கலாம் என்பதே அந்தக்காலத்து ஸ்ரூடியோக்காரர்களுக்கு விசித்திரமாக இருந்திருக்கும். அவர்கள் பெரிய நெகட்டிவில் எடுத்தார்கள், பெருப்பிக்கும் தேவை குறைவு, மணல் தலைகாட்டாது. மீதி இருந்த தழும்பையும் பருவையும் ஊசிமுனையாகச் சீவிய பென்சிலால் நெகட்டிவிலேயே பூசி மறைப்பார்கள். வாடிக்கையாளருக்கு வேண்டியது மாசுமறுவற்ற முகம். 1972இல் தேசிய அடையாள அட்டை வந்த பிறகு, நிறப்படம் ஊரை நிறைத்த காலத்திலும் கறுப்பு-வெள்ளை அட்டைப் படத்துக்காக இருட்டறையை வைத்திருந்த ஸ்ரூடியோக்கள் பல. பிற்காலத்தில் சோதனைச் சாவடிகளில் டோர்ச் வெளிச்சத்தில் நீட்டியதும் அந்தப் படத்தைத்தான். அதில் கிரெயின் கிடையாது. ஆனால் கொழும்பில் வளர்ந்த என் வயதுக்காரர் யாரிடமாவது அந்தப் படத்தில் மனநிலை இல்லை என்று சொல்லிப் பாருங்கள்.

அப்படியானால் கிரெயினுக்கும் மனநிலைக்கும் என்ன தொடர்பு? நான் நினைப்பது இதுதான்: கிரெயின் நமக்குக் கடத்துவது வெளிச்சப் பஞ்சத்தின் செய்தி. கோட்டை ரயில் நிலையத்தில் மழைநாள் பின்னேரம் ஆறு மணிக்கு நில்லுங்கள். கரையோர ரயிலுக்குச் சனம் நெருக்கியடிக்கிறது. மேலே ரியூப் லைற், கீழே நனைந்த சீமெந்து. லென்சை எஃப் 2 என்ற அகன்ற துவாரத்துக்குத் திறந்தால் 400 பிலிமுக்கு ஒரு செக்கனில் பதினைந்தில் ஒரு பங்கு வேண்டும். ஓடி ஏறுகிறவர் அதில் புகையாகக் கரைந்துவிடுவார். அதனால் பிலிமின் வேகம் 1600 என்று வைத்துக்கொண்டு, அறுபதில் ஒரு பங்கில் எடுத்து, கழுவும்போது நேரத்தைக் கூட்டுவோம். நிழலுக்குள் போதிய வெளிச்சம் விழாததால் அங்கே தடயம் இல்லை. எவ்வளவு கழுவினாலும் இல்லாதது வராது. வெளிச்சமான பகுதி மட்டும் மேலும் மேலும் அடர்த்தியாகும். விளைவு: நிழல் தார்க்கறுப்பு, முகம் வெளிறல், நடுவில் மணல். அந்தப் படத்தைப் பார்த்து 'கிரெயின் நல்ல மூட் குடுக்குது' என்பார்கள். மூடில் பெரும்பங்கு அந்தக் கறுப்புக்கு உரியது, பெயர் மட்டும் கிரெயினுக்குப் போகிறது. இரவு, மழை, அவசரம், ஆளுக்குத் தெரியாமல் எடுத்தது என்று வெளிச்சம் குறைந்த இடங்களிலேயே மணலைக் கண்டு கண்டு நம் கண் பழகிவிட்டது. வாசத்தை வைத்துச் சமையலைச் சொல்வதுபோல, மணலைக் கண்டதும் இருட்டை நினைக்கிறது.

கிரெயினுக்கென்று சொந்தமாகவும் ஒரு குணம் உண்டு, அதை இருட்டறையில் நிற்பவர்தான் முதலில் காண்பார். நெகட்டிவைப் பெருப்பிக்கும்போது படம் கூர்மையாக விழுகிறதா என்று பார்க்கச் சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று உண்டு. அதில் தேடுவது முகத்தையோ கண்ணையோ அல்ல, கிரெயினை. கமரா ஆடியிருக்கலாம், ஆள் அசைந்திருக்கலாம், படத்தில் ஒரு கோடுகூட நேராக இல்லாமல் இருக்கலாம். மணல் மட்டும் எப்போதும் கூர்மையாக இருக்கும். கலங்கிய முகத்தின்மேல் கூரிய மணல் விழும்போது, மங்கியது படம் அல்ல, அங்கே நின்ற ஆள்தான் கைநழுவிப் போகிறார் என்று தோன்றும். பிரிவுப் படங்களில் கிரெயின் ஏன் அவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம் இது. இடமும் முக்கியம். நடுச்சாம்பலில், ஒரே சீரான பரப்பில்தான் மணல் எழுந்து நிற்கும். காலிமுகத்திடலில் தென்மேற்குப் பருவத்து வானம் அதற்கென்றே செய்ததுபோல இருக்கும். காஞ்சிபுரச் சேலையின் சரிகைக்குள் தேடினால் அகப்படாது.

உலக அளவில் இந்த மணல் உண்மையின் முத்திரையானதற்குப் போர்ப்படங்கள் ஒரு காரணம். 1944 ஜூன் 6இல் நோர்மண்டிக் கரையில் ரொபர்ட் கப்பா எடுத்தவை ஆடிக் கலங்கியிருந்தன. அந்தக் கலக்கமே அவர் அங்கே நின்றதற்குச் சாட்சியாகப் பார்க்கப்பட்டது. 1968இல் ஜப்பானில் 'புரொவோக்' சஞ்சிகைக்காரர்கள் கரடுமுரடு, கலக்கம், குவியம் தப்பியது ஆகிய மூன்றையும் வேண்டுமென்றே கையாண்டார்கள். டைடோ மொரியாமா அந்த வரிசையில் வந்தவர். நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 1983 யூலையில், தமிழருக்கெதிரான கலவரத்தின்போது கொழும்பின் பொரளையில் எடுத்த, எல்லோருக்கும் தெரிந்த அந்தப் படத்தை நாங்கள் பெரும்பாலும் பிரதியின் பிரதியாகவே கண்டிருக்கிறோம். ஒவ்வொரு பிரதியிலும் சாம்பல் கொஞ்சம் கழன்று, கறுப்பும் வெள்ளையும் இறுகும். அதில் உள்ள கரடுமுரட்டில் எது பிலிமுடையது, எது கைமாறிக் கைமாறி வந்தது என்று இனிப் பிரிக்க முடியாது. அந்தப் படத்தின் முன்னால் 'மூட்' என்ற சொல்லை நான் எடுப்பதில்லை.

கிரெயின் இல்லாமலே ஆளை உருக்கும் படங்களும் இலங்கையில் உண்டு. பிரித்தானியப் படக்கலைஞர் ஜூலியா மார்கரெட் கமெரோன் 1875இல் இங்கே வந்தார், 1879இல் இறந்தார், பொகவந்தலாவையில் அடக்கம். களுத்துறையில் ஊர்ச்சனங்களைப் படமெடுத்திருக்கிறார். அவர் பயன்படுத்தியது ஈரக் கொலோடியன் என்ற பசை பூசிய பெரிய கண்ணாடித் தட்டு. அதில் துகள் மிக நுண்மை; தட்டைத் தாளோடு ஒட்டவைத்து அதே அளவில் பிரிண்ட் போட்டதால் பெருப்பிக்கும் பேச்சே இல்லை. அவருடைய மனநிலை குவியத்தைச் சற்றே தளரவிட்டதிலும் நீண்ட நேரம் அசையாமல் இருக்கப் பாடுபட்ட முகங்களிலும் இருந்து வந்தது. கொழும்புக்காரரான லயனல் வென்ட் 1930களில் சின்ன நெகட்டிவ் தரும் லைக்கா கமராவோடு அலைந்தவர். பியானோக்காரர், சட்டம் படித்தவர். அவருடைய வித்தை நிழலிலும், கழுவும் நடுவில் வெளிச்சம் காட்டிக் கறுப்பு-வெள்ளையைப் புரட்டிப் போடும் சோலரைசேஷனிலும் இருந்தது. 1944இல் அவர் இறந்த பிறகு நெகட்டிவ்களை அழித்துவிட்டார்கள். கில்ட்போர்ட் கிரசென்டில் அவர் பெயரில் இருக்கும் அரங்குக்கு நாடகம் பார்க்கப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்புத்தான் வரும். கடுகளவு தலையை 120 மடங்கு பெருப்பிக்கும் பாக்கியம் அவருடைய படங்களில் நிற்பவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இல்லை.

செயலிகளில் தூவும் கிரெயினைப்பற்றியும் ஒரு சொல். டிஜிற்றல் கமராவின் இரைச்சல் பெரும்பாலும் நிழலில்தான் மொய்க்கும், பிலிமின் மணல் நடுச்சாம்பலில். மலிவான செயலி இரண்டையும் மறந்து, படம் முழுக்க ஒரேயளவில் அரிசிமாக்கோலம் போட்டுவிடும். கண்ணுக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், எங்கோ பொய் இருக்கிறது என்று பட்டுவிடும். புஜிபில்ம் 2016இல் தன் எக்ஸ்-புரோ2 கமராவில் சேர்த்த, பிலிமின் சாயலைத் தரும் அக்ரோஸ் முறையில் வெளிச்சத்துக்கு ஏற்ப மணலும் மாறும், அதனால் கொஞ்சம் நம்பலாம். பத்திரிகைப் புள்ளியையும் கிரெயின் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு. அச்சுப் புள்ளி வரிசை தப்பாமல் நிற்கும், பருமன் மட்டும் மாறும். கிரெயினுக்கு வரிசையே கிடையாது.

ஒழுங்கில்லாததைச் சுருக்குவது கணினிக்குப் பெரும்பாடு. மலருக்கான ஸ்கேனை வட்ஸ்அப்பில் கனடாவுக்கு அனுப்பினேன். அது கோப்பைச் சுருக்கியபோது மணலை வீண்செலவென்று எண்ணி, படத்தைக் கட்டங்களாக நசுக்கிவிட்டது. "ஏன்டா அம்மாவின்ர முகம் கட்டம் கட்டமா இருக்கு?" என்று மாமா குரல்பதிவு அனுப்பினார். அப்புறம் மின்னஞ்சலில் முழுக் கோப்பையும் அனுப்பினேன். பதில் வர இரண்டு நாள் ஆனது. "இப்ப சரி" என்று மட்டும் இருந்தது.

மலரில் முகத்தை ஒன்பது சென்ரிமீற்றரில் போட்டார்கள், மணல் பாதியாக அடங்கிவிட்டது. மண்டபத்துப் படம் 18 சென்ரிமீற்றரில் அப்படியே தொங்குகிறது. காலையில் பூ வைக்கக் கிட்டப் போனால் அம்மம்மா இல்லை, புள்ளிதான். பத்தடி தள்ளிக் கதிரையில் உட்கார்ந்தால் கண்ணுக்குக் கீழே மடிப்போடு பார்க்கிறார். சித்தி கதிரைக்கு வருவதில்லை. பூவை வைத்துவிட்டு, கிட்ட நின்றபடியே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறார்.